ராத்திரி கரண்ட் போச்சு, காலையில் கேமரா போச்சு

போன இதழில் சிசிடிவி பற்றி ஒரு பதில் எழுதினாலும் எழுதினேன், காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க அதே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. வீடு இங்கே, வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ, நடுவில் ஒரு கேமரா, அது தெரியவில்லை. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், முதலில் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

கே: கண்டனூரில் எங்கள் ஐயா வீட்டில் நாலு கேமரா, ஒரு டிவிஆர் (கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி). நாங்கள் இருப்பது சிங்கப்பூர். மாட்டிக்கொடுத்த தம்பி ஒரு நம்பரைக் கொடுத்து, இதை ஆப்பில் போட்டால் தெரியும் என்றார், தெரிந்தது. ஒருநாள் ராத்திரி மழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து தெரியவில்லை. வந்து பார்த்துவிட்டு வேறு நம்பர் கொடுத்தார், கொஞ்ச நாள் ஓடியது, மறுபடி போச்சு. ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பணம் கொடுத்து மாளவில்லை. ஏன் இப்படி?
– சிங்கப்பூர் வாசகி

ப: உங்கள் வீட்டில் முகவரி ரெண்டு இடத்தில் மாறுகிறது ஆச்சி. அந்தத் தம்பி ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றை மட்டும் சரி பண்ணிவிட்டுப் போகிறார், அடுத்த மழைக்கு இன்னொன்று கெடுகிறது.

வளவு வீட்டை, அதாவது நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக இருக்கும் செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது முகப்பில் அடித்திருக்கும் ஒரே கதவு எண். உள்ளே வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) ஓர் அறை. தபால்காரர் முகப்போடு நின்றுவிடுவார், வந்த கடிதம் எந்த அறைக்கு என்று பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க முகப்பில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்தான் ரவுட்டர். கதவு எண் என்பது இணைய நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குக் கொடுக்கிற வெளி ஐபி முகவரி. அறை எண் என்பது ரவுட்டர் தன் பாட்டுக்கு டிவிஆருக்கும் போனுக்கும் டிவிக்கும் கொடுத்துக்கொள்கிற உள் முகவரி, 192.168.1.5 மாதிரி. வெளியிலிருந்து 8000 என்ற போர்ட்டுக்கு (எந்த வேலைக்கு வந்தது என்று பிரித்துக் காட்டும் எண்) வருவதையெல்லாம் 192.168.1.5க்கு அனுப்பு என்று ரவுட்டரில் எழுதிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். சில ரவுட்டரில் வெர்ச்சுவல் சர்வர் என்றும் போர்ட் மேப்பிங் என்றும் போட்டிருக்கும், மூன்றும் ஒன்றுதான். ஹிக்விஷன் வகை டிவிஆர் என்றால் வழக்கமாக 8000, டாஹுவா வகை என்றால் 37777.

இப்போது கரண்ட் போகிறது. வீட்டு ரவுட்டர்களில் பலவும் யாருக்கு எந்த உள் முகவரி கொடுத்தோம் என்ற பட்டியலை அணைந்ததும் மறந்துவிடும். கரண்ட் வந்ததும் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் எழுந்து முகவரி கேட்கும், அந்த அவசரத்தில் 192.168.1.5 வீட்டில் இருக்கிற யாருடைய போனுக்கோ போய், டிவிஆருக்கு 192.168.1.7 கிடைக்கும். ஃபார்வர்டிங் விதி மட்டும் பழையபடி 5ஐயே காட்டிக்கொண்டிருக்கும். இது உள்ளே நடக்கிற மாற்றம். அதே நேரத்தில் ரவுட்டர் இணைய நிறுவனத்தோடு புதிதாகத் தொடர்பு போடுகிறது, அவர்களும் கையில் இருக்கிற வேறொரு வெளி முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் ஆப்பில் போட்டு வைத்திருப்பது பழைய முகவரி, இந்நேரம் அது யார் வீட்டுக்குப் போயிருக்கிறதோ.

உள் மாற்றத்துக்கு மருந்து சுலபம், ஒரு தடவை செய்தால் போதும். ரவுட்டரின் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் (டிஎச்சிபி என்பது உள் முகவரியைத் தானாகக் கொடுக்கும் வசதி) அல்லது அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஓர் இடம் இருக்கும், அதில் டிவிஆரின் மேக் முகவரியையும் (கருவியோடு ஆலையிலிருந்தே வரும் அடையாள எண், டிவிஆரில் மவுஸை ரைட் கிளிக் செய்து நெட்வொர்க் பக்கம் போனால் தெரியும், ரெண்டு ரெண்டு எழுத்தாக ஆறு ஜோடி) நீங்கள் விரும்பும் உள் முகவரியையும் எழுதிச் சேமித்தால், எத்தனை தடவை கரண்ட் போனாலும் அதே முகவரிதான். டிவிஆரிலேயே நிலையான முகவரி போட்டுவிடுவார்கள் சில பேர், அதுவும் ஓடும், ஆனால் ரவுட்டர் தானாகக் கொடுக்கிற எல்லைக்குள் இருக்கும் எண்ணைப் போட்டால் ஒருநாள் அதையே இன்னொரு கருவிக்கும் கொடுத்து ரெண்டும் முட்டிக்கொள்ளும். எல்லை 100 முதல் 199 வரை என்றால் 50ஐப் போடச் சொல்லுங்கள். டிவிஆர் திரையில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேபிளைப் பாருங்கள், அந்தக் காலத்து வீடுகளில் எலிக்கு லேன் வயர் மேல் தனிப் பிரியம்.

வெளி மாற்றத்துக்கு மருந்து டிடிஎன்எஸ். மாறும் முகவரிக்கு மாறாத ஒரு பெயர். டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற சேவைகளில் ஒரு பெயரைப் பதிந்து, அந்த விவரத்தை ரவுட்டரிலோ டிவிஆரிலோ போட்டுவிட்டால், முகவரி மாறும்போதெல்லாம் கருவியே போய்ச் சொல்லிவிடும், நீங்கள் ஆப்பில் எண்ணுக்குப் பதில் பெயரைப் போட்டால் சரி. நோ-ஐபியின் இலவசப் பெயரை மாதம் ஒரு தடவை மின்னஞ்சலில் உறுதி செய்ய வேண்டும், விட்டால் பெயர் போய்விடும், அதற்கும் கேமராக்காரரைக் குறை சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் அடுத்த கேள்வியைப் படித்துவிடுங்கள். அதில் மாட்டினால் மேலே சொன்னதில் பாதி வீண்.

கே: காரைக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன் சார். ரிசர்வேஷன், போர்ட் ஃபார்வர்டிங், டிடிஎன்எஸ் எல்லாம் நானே வீடியோ பார்த்துச் செய்தேன். போர்ட் செக்கர் தளத்தில் போட்டால் குளோஸ்டு என்கிறது. ரவுட்டரை மாற்றிப் பார்த்துவிட்டேன், அப்போதும் அதேதான். இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டால் எங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். எங்கே தப்பு?

ப: உங்கள் மேல் தப்பில்லை, உங்களுக்குச் சொந்தமாக வெளி முகவரியே இல்லாமல் இருக்கலாம். ரவுட்டர் வாங்குவதற்கு முன்னால் எழுதியிருந்தால் அந்தக் காசாவது மிஞ்சியிருக்கும்.

சோதிப்பது சில நிமிட வேலை. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து, வேன் (WAN) என்றோ இன்டர்நெட் என்றோ இருக்கிற இடத்தில் உள்ள ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வைஃபையில் உள்ள போனில் கூகுளில் என் ஐபி என்ன என்று கேட்டு, வருகிற எண்ணைப் பாருங்கள். (போன் நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்றைக் காட்டினால் அது ஐபிவி6 என்ற புது வகை முகவரி, அதை விடுங்கள், நாலு எண்ணும் மூன்று புள்ளியும் உள்ளதைக் காட்டுகிற தளத்தில் பாருங்கள்.) ரெண்டும் ஒன்று என்றால் உங்களுக்கு வெளி முகவரி உண்டு, தப்பு வேறு எங்கோ. ரெண்டும் வேறு வேறு, அதிலும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127க்குள் தொடங்குகிறது என்றால் நீங்கள் சிஜிநேட்டுக்குள் இருக்கிறீர்கள். சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்ணையும் கொடுக்கும், கதை அதேதான்.

சிஜிநேட் என்றால், உங்கள் வீட்டு முகப்புக்கு வெளியே தெரு முழுக்கச் சேர்த்து இன்னொரு முகப்பு. அங்கே உட்கார்ந்திருப்பவர் இணைய நிறுவனத்து ஆள், அவரிடம் நீங்கள் எதையும் எழுதிவைக்க முடியாது. வெளியிலிருந்து வருகிற கடிதம் அங்கேயே நின்றுவிடும், உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் அது வரைக்கும் வந்தால்தானே. டிடிஎன்எஸ்ஸும் அந்தப் பொது முகப்பின் எண்ணைத்தான் காட்டும். நீங்கள் கடையில் உட்கார்ந்து யூடியூப் பார்ப்பதற்கு இதனால் ஒரு தடையும் இல்லை, அதனால்தான் போனில் பேசுகிறவரும் எல்லாம் சரி என்கிறார். அவர் பக்கம் சரிதான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கோபம் வரும். பழைய வகை முகவரி, அதாவது ஐபிவி4, மொத்தம் சுமார் 429 கோடிதான் சாத்தியம், அதிலும் எல்லாமே வீட்டுக்குக் கொடுக்கிற வகையில்லை. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. நம் ஆசியப் பகுதிக்கான கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்து, அதற்குப் பிறகு அளந்து அளந்துதான் கொடுக்கிறார்கள். சிஜிநேட்டுக்கு என்றே அந்த 100.64 வரிசையை 2012இல் ஒதுக்கினார்கள். அதற்கு அப்புறம் பெரிதாக வளர்ந்த நிறுவனம் எதுவாக இருந்தாலும் ஒரு முகவரியில் பல வீடுகளை ஏற்றித்தான் ஆகவேண்டும்.

வழி மூன்று. ஒன்று, நிறுவனத்திடம் கேட்டுப் பொது முகவரி வாங்குவது. ஸ்டாட்டிக் ஐபி என்று கேளுங்கள், மாதாமாதம் தனிக் கட்டணம் கேட்பார்கள், சில திட்டங்களில் கிடைக்காது, சில ஊர்களில் கேட்டால் அது என்ன என்று திரும்பக் கேட்பார்கள். இரண்டு, டிவிஆரின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஓடுகிற பி2பி முறை. இதில் டிவிஆரே உள்ளிருந்து தயாரிப்பாளரின் சர்வருக்குத் தொடர்பு போட்டு வைத்துக்கொள்ளும், நீங்கள் அந்தச் சர்வர் வழியாக அதைச் சந்திக்கிறீர்கள், போர்ட் திறக்க வேண்டாம். சுலபம், ஆனால் உங்கள் கடைப் படம் யாரோ ஒருவருடைய சர்வரை நம்பியிருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது விபிஎன், அதாவது வெளியிலிருந்து உங்கள் நெட்வொர்க்குக்குள் போகிற பூட்டிய தனிப்பாதை, எனக்குப் பிடித்ததும் அதுதான், அதை இன்னொரு வாசகருக்குச் சொல்கிற பதிலில் வைத்திருக்கிறேன்.

கே: கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். இணையக் கம்பெனி கொடுத்த பெட்டி முகப்பில். ரெண்டாம் கட்டுக்கு சிக்னல் வரவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி அங்கே வைத்தோம். வைஃபை நன்றாக வருகிறது. ஆனால் ரெண்டாம் கட்டில் உள்ள பிரின்டரை முகப்பு கம்ப்யூட்டரால் பார்க்க முடியவில்லை, அங்குள்ள கேமராவும் வெளியில் தெரியவில்லை.

ப: முக்கால் முழத்துக்கு செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய சுவர், இடையில் வளவுக்கு வளவு தேக்கு நிலை, அதைத் தாண்டி வைஃபை வராதது அதிசயமில்லை. நீங்கள் கேபிள் இழுத்து ரெண்டாவது பெட்டி வைத்தது சரியான வேலை. அதை ரவுட்டராகவே விட்டதுதான் வினை. இப்போது முகப்புப் பெட்டி 192.168.1 என்று ஒரு வரிசை, ரெண்டாம் கட்டுப் பெட்டி 192.168.0 என்று தனக்கென ஒரு வரிசை வைத்துக்கொண்டு, தனிக் குடித்தனம் நடத்துகிறது. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து உள்ளே வர முடியாது. ஒரே வெளி முகவரியை உள்ளே பலரும் பகிர்ந்துகொள்ள ரவுட்டர் செய்கிற முகவரி மாற்றத்துக்கு நேட் என்று பெயர், இங்கே அது ரெண்டு தடவை நடப்பதால் டபுள் நேட்.

ரெண்டாவது பெட்டியின் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று இருந்தால் அதை அழுத்திவிடுங்கள், முடிந்தது. இல்லாவிட்டால் அதிலுள்ள டிஎச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகப்பிலிருந்து வரும் கேபிளை நீலமோ மஞ்சளோ தனி நிறத்தில் ஒதுங்கியிருக்கும் வேன் ஓட்டையில் செருகாமல் மற்ற லேன் ஓட்டைகளில் ஒன்றில் செருகுங்கள். பிரின்டர் உடனே தெரியும். அதன் பிறகு போர்ட் ஃபார்வர்டிங் முகப்புப் பெட்டியில் மட்டும் எழுதினால் போதும். அப்புறம் விருந்தாளிகளுக்கு கெஸ்ட் வைஃபை தனியாக வையுங்கள், வருகிறவர் போனெல்லாம் உங்கள் பில் போடும் கம்ப்யூட்டரோடு ஒரே வரிசையில் இருக்க வேண்டாம். உங்கள் ரெண்டாவது பெட்டி ஆக்சஸ் பாயின்ட்டாக மாறியதும் அதிலுள்ள கெஸ்ட் வசதி பெயரளவில்தான் ஓடும், உண்மையாகப் பிரிக்காது, பல மாடல்களில் இந்தக் குறை உண்டு, ஒரு போனில் கெஸ்ட்டில் சேர்ந்துகொண்டு பிரின்டர் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கே: வீட்டுக்கு வெளியே மொபைல் டேட்டாவில் டிடிஎன்எஸ் பெயர் போட்டால் கேமரா தெரிகிறது. வீட்டு வைஃபைக்கு வந்தால் தெரியவில்லை. தலைகீழாக அல்லவா இருக்கிறது?
– பள்ளத்தூர் வாசகர்

ப: வீட்டுக்குள்ளிருந்து கிளம்பி வெளி முகவரியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வீட்டுக்குள்ளேயே வருகிற போக்குவரத்தைச் சில ரவுட்டர்கள் கையாளாது. நேட் லூப்பேக் அல்லது ஹேர்பின் என்று அமைப்பு இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் ஆப்பில் அதே டிவிஆரை உள் முகவரியோடு இன்னொரு தடவை சேர்த்து வீடு என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து எல்லாருக்கும் ஒன்று: போர்ட் திறந்திருக்கிறதா என்று எப்போதும் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

கே: எனக்கு வெளி முகவரி உண்டு, சோதித்துவிட்டேன். 80, 554, 8000 மூன்றையும் திறந்துவிட்டேன், நன்றாக ஓடுகிறது. எங்கள் பங்காளி ஒருவர் ஐடியில் இருக்கிறார், அவர் இது ஆபத்து, உடனே மூடு என்று கத்துகிறார். பாஸ்வேர்டுதான் போட்டிருக்கிறேனே, யாரும் இல்லாத பழைய வீட்டுத் திண்ணையைப் பார்த்து எவனுக்கு என்ன லாபம்?
– தேவகோட்டை வாசகர்

ப: பங்காளி சொல்வது சரி. நம்ம ஊரில் பங்காளி சொன்னதை ஒப்புக்கொள்வது எத்தனை கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும்.

உங்கள் திண்ணை யாருக்கும் வேண்டாம். அந்த டிவிஆர்தான் வேண்டும். அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர், 24 மணி நேரமும் ஓடுகிறது, மேலே மானிட்டர் இல்லாததால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை, வாங்கிய நாளிலிருந்து சாஃப்ட்வேர் புதுப்பித்திருக்கவும் மாட்டீர்கள். 2016இல் மிராய் என்ற ஒரு நிரல் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடிப் பிடித்தது. பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, ஆலையிலிருந்து வரும்போதே இருக்கிற அட்மின் வகைப் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. அப்படிப் பிடித்த படையை வைத்து அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் சேவை) நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் பல இடங்களில் திறக்கவில்லை. அந்தப் படையில் யார் யார் வீட்டு டிவிஆர் இருந்தது என்று அந்தந்த வீட்டுக்காரருக்கே தெரியாது.

என்னை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பீர்கள். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஜீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள், நல்ல வேகமுள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஐபிவி4 உலகம் முழுவதையும் ஒரு போர்ட்டுக்காக 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஷோடான் என்ற தளம் திறந்திருக்கிற கருவிகளை 2009இலிருந்து பட்டியல் போட்டு வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். உங்கள் 8000ஐ யாரோ ஏற்கெனவே தட்டியிருப்பார்கள், டிவிஆரில் லாக் (நடந்ததைப் பதிந்து வைக்கும்) பக்கம் இருந்தால் திறந்து பாருங்கள், தெரியாத ஊர் ஐபிகளிலிருந்து லாகின் தோல்வி என்று வரிசையாக நிற்கும். 8000க்குப் பதில் 48123 என்று மாற்றி வைத்தால் தட்டுகிறவர் எண்ணிக்கை குறையும், நிற்காது. டிஎம்இசட் என்று ஒன்றை இயக்கி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் முதலில் அதை அணையுங்கள், எந்தப் போர்ட்டுக்கு வந்தாலும் எல்லாவற்றையும் அந்தக் கருவிக்கே அனுப்பு என்று அர்த்தம் அதற்கு, அவசரத்துக்கு அதைப் போட்டுவிட்டுப் போகிற மெக்கானிக்குகள் உண்டு.

செய்ய வேண்டியது இது. மூன்று போர்ட்டையும் மூடுங்கள். ரவுட்டரில் வயர்கார்ட் விபிஎன் சர்வர் வசதி இருந்தால் (புது மாடல்களில் பலவற்றில் இருக்கிறது) அதை அமைத்து, யுடிபி (தகவல் அனுப்பும் முறைகளில் ஒன்று, இன்னொன்று டிசிபி) 51820 என்ற ஒரே போர்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். வயர்கார்டின் குணம் என்னவென்றால், சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவருக்கு அது பதிலே சொல்லாது, அங்கே ஒன்று இருக்கிறது என்றே வெளியில் தெரியாது. போனில் வயர்கார்ட் ஆப்பைப் போட்டு, கியூஆர் ஸ்கேன் செய்து, ஆன் செய்தால் நீங்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் வீட்டு வைஃபையில் இருக்கிற மாதிரி, 192.168.1.5 என்று உள் முகவரியையே போட்டுப் பார்க்கலாம்.

சிஜிநேட்டில் மாட்டிய ஜவுளிக்கடை வாசகருக்கும் கண்டனூர் ஆச்சிக்கும் டெயில்ஸ்கேல். அதுவும் அடியில் வயர்கார்ட்தான், ஆனால் ரெண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே தட்டி நடுவில் சந்தித்துக்கொள்வதால் போர்ட்டும் வேண்டாம், வெளி முகவரியும் வேண்டாம். டிவிஆரிலேயே போட முடியாது. வீட்டில் எப்போதும் ஓடுகிற ஒரு ராஸ்பெர்ரி பையோ (கையளவுக் கம்ப்யூட்டர்) லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்போ வேண்டும், அதில் டெயில்ஸ்கேலைப் போட்டு, சப்நெட் ரவுட்டர் என்ற வசதியில் 192.168.1 வரிசை முழுவதையும் காட்டச் சொன்னால், அது வழியாக டிவிஆர் தெரியும். டெயில்ஸ்கேலும் உங்கள் போனுக்கு 100 என்று தொடங்கும் முகவரியைத்தான் கொடுக்கும், அதைப் பார்த்துவிட்டு சிஜிநேட் வந்துவிட்டது என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். இன்னொரு சங்கதி: நீங்கள் போய்த் தங்கியிருக்கிற வீட்டிலும் 192.168.1 வரிசையே இருந்தால் ரெண்டும் குழம்பும். அதனால் ஊர் வீட்டு ரவுட்டரை முதலிலேயே 192.168.73 மாதிரி யாரும் வைக்காத ஓர் எண்ணுக்கு மாற்றிவிட்டு அப்புறம் மற்ற வேலையை ஆரம்பியுங்கள்.

கே: என் மகன் கேம் விளையாட யுபிஎன்பி ஆன் பண்ணச் சொல்கிறான். நேட் டைப் ஸ்டிரிக்ட் என்று வருகிறதாம். பண்ணலாமா?
– காரைக்குடி வாசகி

ப: யுபிஎன்பி என்றால் எந்தக் கருவி வேண்டுமானாலும் ரவுட்டரிடம் தானே போய், எனக்கு இந்தப் போர்ட்டைத் திற என்று கேட்கலாம், ரவுட்டர் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்துவிடும். மகனின் எக்ஸ்பாக்ஸ் கேட்டால் பரவாயில்லை, சந்தையில் வாங்கிய மலிவுக் கேமராவும் அதையேதான் கேட்கும். அணைத்தே வையுங்கள். எக்ஸ்பாக்ஸுக்கு ரிசர்வேஷன் போட்டு 3074ஐ மட்டும், யுடிபி, டிசிபி ரெண்டுக்கும், அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கும் ஸ்டிரிக்ட் மாறவில்லை என்றால் உங்கள் வீட்டிலும் சிஜிநேட்டாக இருக்கலாம், பையன் படிக்கப் போகலாம்.

கே: ஐபிவி6 வந்துவிட்டால் இந்தப் போர்ட் தொல்லையே இல்லை என்கிறார்களே? எங்கள் வீட்டில் ஐபிவி6 வருகிறது.
– புதுக்கோட்டை வாசகர்

ப: வரும், ஐபிவி6 அதிகம் புழங்குகிற நாடுகளில் இந்தியாவும் ஒன்று, உங்கள் போனில் இந்நேரம் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தமாக வெளி முகவரி, மேப்பிங் தேவையில்லை. தேவையில்லை என்பதால் திறந்து கிடக்கிறது என்று நினைக்காதீர்கள், ரவுட்டரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதைத் தடுத்துத்தான் வைத்திருக்கும், வைத்திருக்கவும் வேண்டும். அனுமதி விதி எழுத வேண்டியது அப்போதும் உண்டு, சில கம்பெனிப் பெட்டிகளில் அதை எழுத இடமே இருக்காது. போதாக்குறைக்கு முகவரியின் முன்பாதி நிறுவனம் கொடுப்பது, தொடர்பு அறுந்து வந்தால் அதுவும் மாறலாம், அதனால் டிடிஎன்எஸ் இங்கேயும் வேண்டும். பழைய டிவிஆருக்கு ஐபிவி6 தெரியாமலும் இருக்கலாம். புதிதாக வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குங்கள், மற்றவர்கள் விபிஎன்னிலேயே இருங்கள்.

கே: போனுக்கு ரிசர்வேஷன் போட்டேன், அப்படியும் முகவரி மாறுகிறது.

ப: ஆண்ட்ராய்டு 10க்கு அப்புறமும் ஐபோனில் ஐஓஎஸ் 14க்கு அப்புறமும் போன் தன் உண்மையான மேக் முகவரியை மறைத்து வைஃபைக்கு வேறொன்றைக் காட்டுகிறது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த ரேண்டம் மேக் அல்லது பிரைவேட் அட்ரஸ் என்பதை அணைத்துவிடுங்கள். போனுக்கு எதற்கு ரிசர்வேஷன் என்று கேட்கத் தோன்றுகிறது, ஏதோ காரணம் இருக்கும்.

கே: எல்லாம் சரி, இதை யார் செய்வது? ஊரில் அம்மாவும் வேலைக்கு வருகிற அக்காவும்தான். நாங்கள் கோலாலம்பூரில்.

ப: நீங்கள் அடுத்த தடவை படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ வரும்போது ஒரு பகல் ஒதுக்கினால் போதும், ஊரில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டுப் போனால் மீதியை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டைக் கையில் வாங்குங்கள், பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருப்பதே இன்னும் ஓடினால் மாற்றுங்கள். இணைப்பு யார் பேரில், வாடிக்கையாளர் எண் என்ன, எந்த மொபைலுக்கு ஓடிபி போகிறது என்று எழுதி வையுங்கள். கூட்டு வீடு என்றால் இணைப்பு யார் பேரில் இருக்க வேண்டும் என்பது தனி வழக்கு, அதற்கு இந்தப் பகுதியில் தீர்ப்பு இல்லை. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள், பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், சின்னச் சின்ன கரண்ட் வெட்டுக்கெல்லாம் முகவரி மாறுவது அதிலேயே நின்றுவிடும். ராஸ்பெர்ரி பையையும் டெயில்ஸ்கேலையும் இருக்கும்போதே போட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்துவிட்டு, மெயின் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டு மறுபடி தெரிகிறதா என்றும் பாருங்கள், விமானம் ஏறுவதற்கு முன்னால். ரவுட்டரில் ரிமோட் மேனேஜ்மென்ட் என்று இருப்பதை இயக்க வேண்டாம், விபிஎன் வழியாகவே அந்தப் பக்கம் திறக்கும். அம்மாவிடம் சொல்லிவைக்க வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பெட்டியின் சுவிட்சை எப்போது அணைத்துப் போட வேண்டும் என்பது. ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அணைத்துப் போட்டுப் பயனில்லை, அது தெருவில் வயர் அறுந்த கதை, லைன்மேனுக்குத்தான் போன் போட வேண்டும்.